தனியாக வெப் டிசைன் தொழில்: பதிவு முதல் பண வசூல் வரை

வெப் டிசைன் தொழில் தொடங்க ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட் இணைப்பும் போதும் என்பார்கள். தொடங்கப் போதும், நிலைக்கப் போதாது. தனியாகத் தொழில் செய்பவர்கள் பணத்தை இழக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: எழுதி வாங்காத வேலை, யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெளிவில்லாத டொமைன், எடுத்து வைக்காத வரி. மூன்றையும் முதல் வேலையைக் கையில் எடுக்கும் முன்பே சரிசெய்துவிடலாம். என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தபடி ஒற்றை ஆளாக, வீட்டிலிருந்தோ சிறு அறையிலிருந்தோ தொழில் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வரி விகிதங்களும் வரம்புகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஏப்ரல் பிறந்ததும் ஒருமுறை ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. வேலையில் இருந்துகொண்டே தொடங்குகிறீர்களா?

அப்படியானால் முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பல ஐடி நிறுவனங்கள் வெளிவேலை செய்யக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் பணியின் பகுதியாக உருவாக்கியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் உரிமையாளர். ஆகவே:

- அலுவலக லேப்டாப், அலுவலக மென்பொருள் உரிமம், அலுவலக மின்னஞ்சல் எதையும் சொந்த வேலைக்குத் தொடாதீர்கள்.
- அலுவலகத்தில் எழுதிய கோடிங்கைச் சொந்த வேலைக்கு எடுத்து வராதீர்கள்.
- அலுவலகத்தின் வாடிக்கையாளரை உங்கள் வாடிக்கையாளராக்கப் பார்க்காதீர்கள்.

2. தொழிலின் வடிவம்

ஒற்றை ஆளுக்கு எளியது தனியுரிமைத் தொழில். 'புரொப்ரைட்டர்ஷிப்' என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். இதற்கென்று தனிப் பதிவுச் சட்டம் இல்லை. உங்கள் பான் எண்ணே தொழிலின் பான் எண். தொழிலின் லாபம் உங்கள் வருமானம், தொழிலின் கடனும் உங்கள் கடன். அதுதான் இதன் வசதி, அதுவே இதன் ஆபத்தும்.

நண்பருடன் சேர்ந்து தொடங்கினால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதாமல் ஒரு வேலையும் எடுக்காதீர்கள். எல்எல்பி எனப்படும் வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மை, ஒருநபர் கம்பெனி போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் தாக்கல் செலவு உண்டு. பெரிய நிறுவனங்கள் 'கம்பெனியாக இருந்தால்தான் வேலை' என்று கேட்கும் நிலை வரும்போது அதைப் பற்றி யோசித்தால் போதும்.

3. பதிவுகள்: இந்த வரிசையில் செய்யுங்கள்

படி 1: பான், ஆதார். இரண்டும் இணைந்திருக்கின்றனவா, இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னும் மற்றதில் பின்னும் இருந்தால் அடுத்த எல்லாப் படிகளிலும் சிக்கல் வரும். முதலில் அதைத் திருத்துங்கள்.

படி 2: தொழிலின் பெயர். நினைத்த பெயரை இந்திய வணிகச்சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். வெப் டிசைன் சேவைகள் 42-ஆம் வகுப்பில் வரும். அந்தப் பெயரில் டொமைன் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தனிநபருக்கு ஒரு வகுப்பில் வணிகச்சின்னம் பதிய இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். முதல் நாளே பதிய வேண்டியதில்லை. ஆனால் பிறர் பதிந்த பெயரை வைத்துவிடாமல் இருக்க, தேடல் முதல் நாளே நடக்க வேண்டும்.

படி 3: உத்யம் பதிவு. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு இது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே பதியலாம். தொழில் வகை கேட்கும் இடத்தில் 'வெப் பேஜ் டிசைனிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் எண் 62012. பணம் வராதபோது உங்களுக்குக் கிடைக்கும் வலுவான சட்டப் பாதுகாப்பு இந்தச் சான்றிதழோடுதான் வருகிறது. வேலை முடிந்தபின் பதிந்தால் அந்த வேலைக்குப் பாதுகாப்பு கிடைப்பது சந்தேகம். எனவே முதல் கொட்டேஷன் அனுப்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

> எச்சரிக்கை: உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தேடலில் முதலில் வந்து நின்று ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும் தளங்கள் தனியார் தளங்கள். இணைய முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைத் தட்டுங்கள்.

படி 4: தனி வங்கிக் கணக்கு. தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க வங்கிகள் பொதுவாக இரண்டு தொழில் ஆதாரங்கள் கேட்கும். உத்யம் சான்றிதழ் அவற்றில் ஒன்றாகப் பயன்படும். உடனே கிடைக்காவிட்டால், தொழில் வரவு செலவுக்கு மட்டும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கை ஒதுக்கித் தொடங்குங்கள். வரவு கூடியதும் மாறிவிடுங்கள். மளிகைக் கடைக்குப் போகும் பணமும் கிளையன்ட் தந்த அட்வான்ஸும் ஒரே கணக்கில் கலந்தால் ஆண்டு முடிவில் பிரித்தெடுக்க முடியாது.

படி 5: தொழில் வரி. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என நீங்கள் எங்கிருந்தாலும் உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி வசூலிக்கிறது. சம்பளக்காரருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சுயதொழில் செய்பவருக்கும் உண்டு. அரசியலமைப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது.

4. ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தாண்டிய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூருக்கோ மும்பைக்கோ ஒரு பில் போட்டாலே பதிவு வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. பொருள் விற்பவருக்கான விதியைச் சேவைக்குப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது அது. சேவைக்கு வெளிமாநில வாடிக்கையாளர் இருந்தாலும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு.

கணக்கிடும்போது நடக்கும் பெரிய தவறு வெளிநாட்டு வரவை விட்டுவிடுவது. ஏற்றுமதிக்கு வரி இல்லை என்றாலும் அந்தத் தொகை மொத்த வரவில் சேரும். உள்ளூர் வேலையில் 12 லட்சம், அமெரிக்க வாடிக்கையாளரிடம் 9 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம், பதிவு கட்டாயம்.

பதிவு செய்தபின்:

1. பொதுவாக 18 சதவீதம் வசூலிக்க வேண்டும். தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு மத்திய வரி 9, மாநில வரி 9. வெளிமாநிலத்தவருக்கு ஐஜிஎஸ்டி 18.
2. வெளிநாட்டு வேலைக்கு வரி கட்டாமல் பில் போட எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்யுங்கள். ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும்.
3. ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும்.

பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி எழுதி வசூலிப்பது சட்டவிரோதம். '18 சதவீதம் சேர்த்துப் போடுங்க, நான் கிரெடிட் எடுத்துக்கிறேன்' என்று வாடிக்கையாளர் கேட்டாலும் செய்யாதீர்கள். பதிவு எண் இல்லாமல் அவருக்கு கிரெடிட் கிடைக்கவும் கிடைக்காது.

5. விலையைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

'பக்கத்துக் கடைக்காரர் 8,000-க்குச் செய்து தருகிறாராம்' என்ற பேச்சு உங்கள் விலையைத் தீர்மானிக்கக் கூடாது. இப்படிக் கணக்கிடுங்கள்:

1. வீட்டுக்கு மாதம் 40,000 வேண்டும் என்றால் ஆண்டுக்கு 4,80,000.
2. மின்சாரம், இன்டர்நெட், மென்பொருள், லேப்டாப் தேய்மானம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு 1,20,000. ஆக மொத்தம் 6,00,000.
3. மாதத்தில் 20 வேலை நாட்கள் இருந்தாலும் வாடிக்கையாளரைத் தேடுவது, பேசுவது, பில் போடுவது எனப் பல நாட்கள் போய்விடும். பில் போடக்கூடிய நாட்கள் 12 என்றே வையுங்கள். ஒரு மாதம் ஓய்வுக்கும் உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் போக, 11 மாதங்களுக்கு 132 நாட்கள்.
4. 6,00,000-ஐ 132-ஆல் வகுத்தால் சுமார் 4,550. இதுவே உங்கள் ஒரு நாள் விலையின் அடிமட்டம். வரியும் லாபமும் இதற்கு மேல்.

ஏழு நாள் பிடிக்கும் தளத்துக்கு அடிமட்டமே 31,850 ஆகிறது. வாடிக்கையாளரின் பட்ஜெட் 15,000 என்றால் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையைக் குறையுங்கள்: ஐந்து பக்கத்துக்கு மாற்றாக ஒற்றைப் பக்கத் தளம் தரலாம்.

> குறிப்பு: தமிழ் உள்ளடக்கத்துக்குத் தனியாக விலை போடுங்கள். அச்சகத்திலிருந்து வரும் துண்டறிக்கை பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றியபின் எழுத்தெழுத்தாகத் திருத்த வேண்டும். 'மேட்டர் ரெடியா இருக்கு' என்று வாடிக்கையாளர் சொன்னால், கோப்பை வாங்கித் திறந்து பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

6. ஒப்பந்தம்: ஒரு வேலைக்கு ஒரு தாள்

வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தம்தான், ஆனால் நிரூபிப்பது கடினம். மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்பி, 'சம்மதம், தொடங்குங்கள்' என்று பதில் வாங்கினாலே சிறு வேலைக்குப் போதும். மின்னணு வடிவில் உருவாகும் ஒப்பந்தம் செல்லும் என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. தொகை பெரிதானால் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தங்களுக்கு முன்பு 20 ரூபாய்த் தாள் போதுமானதாக இருந்தது. இப்போது 200 ரூபாய்த் தாள் வேண்டும்.

திருமண மண்டபத்துக்குத் தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். தாளில் இருக்க வேண்டியவை:

1. இரு தரப்பு: மண்டபத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, கையெழுத்திடுபவரின் பெயர், பொறுப்பு. மேலாளர் பேசினாலும் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.
2. வேலை என்ன: எத்தனை பக்கங்கள், எந்தெந்த மொழி, புக்கிங் படிவம் உண்டா, மொபைலில் சரியாகத் தெரிய வேண்டுமா.
3. வேலையில் சேராதவை: லோகோ, போட்டோ எடுப்பது, மேட்டர் எழுதுவது, கூகுள் தேடலில் முதலிடம், சமூக ஊடகப் பதிவுகள். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எல்லாமே சேர்ந்ததாகத்தான் அவர் நினைப்பார்.
4. அவர் தர வேண்டியவை, தேதியோடு: படங்கள், விலைப்பட்டியல், மேட்டர். தாமதமானால் உங்கள் முடிப்புத் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எழுதுங்கள்.
5. திருத்தங்கள்: இரண்டு சுற்று இலவசம். அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம்.
6. பணம்: தொடங்கும் முன் 40 சதவீதம், டிசைன் ஒப்புதலில் 30, தளம் நேரலைக்குப் போகும் முன் 30.
7. இடையில் நின்றால்: அதுவரை செய்த வேலைக்கு எவ்வளவு, அட்வான்ஸ் திரும்புமா. வாடிக்கையாளர் 30 நாட்கள் பதில் தராவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதி பில் போடலாம் என்ற வரியும் உதவும்.
8. உரிமை: முழுப் பணமும் வந்தபின் எது அவருக்குப் போகிறது, எது உங்களிடம் இருக்கிறது.
9. பராமரிப்பு: ஒப்படைத்தபின் எத்தனை நாள் பிழைதிருத்தம் இலவசம், அதற்குப் பின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் (ஏஎம்சி) எவ்வளவு.
10. நீதிமன்ற எல்லை: வழக்கு என்று வந்தால் உங்கள் ஊர் நீதிமன்றம்.

கடையோ ஆன்லைன் விற்பனையோ உள்ள தளம் என்றால் இன்னொரு வரி சேருங்கள். பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் கொள்கை, விதிமுறைகள், தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இல்லாமல் அனுமதி தருவதில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் நிறுவனத்தின் சட்டப்பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்டச் சொல்கின்றன. அந்த வாசகங்களைத் தர வேண்டியது வாடிக்கையாளர். பக்கமாக வடிவமைப்பது நீங்கள்.

7. எது யாருக்குச் சொந்தம்?

டொமைன். வாடிக்கையாளரின் பெயர், அவருடைய மின்னஞ்சல், அவருடைய கைபேசி எண், அவருடைய கார்டு. நீங்கள் உடன் உட்கார்ந்து வாங்கிக் கொடுங்கள். 'நானே வாங்கித் தருகிறேன்' என்று உங்கள் பெயரில் வாங்கினால், புதுப்பிக்க மறந்த நாளில் அவருடைய தொழில் நின்றுபோன பழி உங்கள் மேல் விழும். பாக்கியை வசூலிக்க டொமைனைப் பிடித்து வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள், பாக்கி உங்கள் பக்கம் நியாயமாக இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஹோஸ்டிங். இதுவும் அவர் பெயரில் இருப்பதே நல்லது. நீங்களே இடம் வாங்கிப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தால், ஒரு தளம் ஹேக் ஆகும்போது மற்றவையும் விழலாம்; நள்ளிரவு அழைப்புகள் எல்லாம் உங்களுக்கு வரும்.

டிசைனும் கோடிங்கும். இங்குதான் இரு தரப்பிலும் தவறான எண்ணம் இருக்கிறது. 'காசு கொடுத்தேன், எனக்குச் சொந்தம்' என்று வாடிக்கையாளர் நினைப்பார். ஊழியராக இல்லாமல் தனித் தொழிலாக நீங்கள் எழுதிய கோடிங்கின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை பொதுவாக உங்களுடையது. மாற்றிக் கொடுப்பதானால் எது, எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். துபாயிலும் சிங்கப்பூரிலும் விற்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இது முக்கியமான வரி.

நடைமுறையில் எழுத வேண்டியது: முழுத் தொகை வந்தபின் இறுதி டிசைன் அவருக்கு, உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக. எல்லா வேலைகளுக்கும் நீங்கள் பயன்படுத்தும் பொதுவான கோடிங் துண்டுகள் உங்களுக்கு. அவற்றை அந்தத் தளத்தில் பயன்படுத்தும் அனுமதி மட்டும் அவருக்கு. முடித்த தளத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டும் உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படம், எழுத்துரு, தீம். கூகுள் படத் தேடலில் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று எண்ண வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், கட்டமரான் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தளங்களில் தயங்காமல் பயன்படுத்தலாம். வேர்ட்பிரஸ் தீம் வாங்கினால் உரிமம் ஒரு தளத்துக்கா, பலவற்றுக்கா என்று பாருங்கள். உடைத்துப் பரப்பப்படும் 'நல்ட்' தீம்கள் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பின்வாசல் நிரல் ஒளிந்திருப்பது சாதாரணம்.

> குறிப்பு: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'உரிமக் கோப்பு' வையுங்கள். எந்தப் படம் எங்கிருந்து வந்தது, எந்த உரிமம், ரசீது எங்கே என்று ஒரே தாளில் எழுதி, ஒப்படைக்கும் நாளில் வாடிக்கையாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

8. பில், டிடிஎஸ், வெளிநாட்டுப் பணம்

பில். தொடர் எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, பான், உத்யம் எண், வங்கி விவரம், வேலையின் பெயர், பணம் செலுத்த வேண்டிய தேதி. நிதியாண்டுக்கு ஒரு எண் வரிசை. இடையில் ஓர் எண்ணும் விடுபடக் கூடாது. ரத்தான பில்லையும் 'ரத்து' என்று எழுதிக் கோப்பில் வையுங்கள்.

டிடிஎஸ். நிறுவனங்கள் பணம் தரும்போது வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். தொழில்முறைச் சேவை என்று எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம். தொழில்நுட்பச் சேவை என்றால் 2, ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1 என்று பிடிப்பவர்களும் உண்டு. பான் தராவிட்டால் 20 சதவீதம் வரை போகும். 60,000 ரூபாய் பில்லுக்கு 54,000 வந்தால், கணக்கில் வரவு 60,000 என்றே எழுதுங்கள். மீதி 6,000 உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரி. வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, அது உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பணம். வங்கி வழியாகவோ அனுமதி பெற்ற சேவை வழியாகவோ மட்டும் வாங்குங்கள். எதற்காக வந்த பணம் என்று வங்கி ஒரு குறியீடு கேட்கும். மென்பொருள் ஆலோசனை, செயலாக்கத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது பி0802. அந்நியச் செலாவணி வந்ததற்கான வங்கிச் சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஜிஎஸ்டியில் ஏற்றுமதி என்று காட்ட அதுவே ஆதாரம்.

9. வருமான வரி

சிறு தொழிலருக்கு எளிய வழி அனுமான வரித் திட்டம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 44ஏடிஏ என்ற பிரிவாக இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, திட்டம் தொடர்கிறது. குறிப்பிட்ட தொழில்முறையாளர்கள் ஆண்டு வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. தகவல் தொழில்நுட்பமும் அறிவிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. உங்கள் வேலை அதில் பொருந்துகிறதா என்பதை முதல் ஆண்டிலேயே ஆடிட்டரிடம் உறுதி செய்யுங்கள்.

கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே செலுத்த வேண்டும். அனுமானத் திட்டத்தில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டலாம். மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 என நான்கு தவணை.

> குறிப்பு: பணம் வந்த அன்றே ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றி வரிக்கென்று ஒதுக்குங்கள். ஜிஎஸ்டியாக வசூலித்த தொகையை முழுவதுமாகத் தனியே வையுங்கள். அது உங்கள் பணமே கிடையாது.

10. பாதுகாப்பு

- கடவுச்சொல்: வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், அனுப்பாதீர்கள். பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் உங்களுக்கென்று தனி நுழைவு உருவாக்கித் தரட்டும். வேலை முடிந்ததும் அதை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.
- பேக்கப்: நேரலைத் தளத்தைத் தொடும் முன் இரண்டு நகல்கள். சர்வரில் ஒன்று, வெளியே ஒன்று.
- பிறர் தரவு: 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. விசாரணைப் படிவத்தில் பெயர், எண், தேவை போதும். ஆதார் நகல், பிறந்த தேதி எல்லாம் கேட்காதீர்கள். எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்ற சம்மத அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி கொடுங்கள். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது.
- பிறர் பணம்: வாடிக்கையாளரின் விற்பனைப் பணம் ஒருபோதும் உங்கள் கணக்கு வழியாகப் போகக் கூடாது. பேமென்ட் கேட்வே அவர் பெயரிலேயே திறக்கட்டும்.
- மோசடி: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை, கேட்டால் மோசடி. 'தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை வேறு கணக்குக்கு அனுப்புங்கள்' என்றால் வங்கியை அணுகச் சொல்லுங்கள். அறிமுகமில்லாத மூன்றாம் நபர் கணக்கிலிருந்து பணம் வாங்கினால், அது குற்றப் பணமாக இருக்கும்பட்சத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.
- தொடக்கூடாத வேலை: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுத் தளங்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. இரட்டிப்புக் கூலி தந்தாலும் எடுக்காதீர்கள். வங்கி, அரசுத் தளங்களைப் போலவே 'அச்சு அசலாக' ஒன்று கேட்பவர்களும் இதே பட்டியலில்.

11. பணம் வராவிட்டால்

1. கெடு முடிந்த மறுநாள்: பில்லை இணைத்து மரியாதையான நினைவூட்டல். போனில் பேசினால் பேசியதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.
2. ஒரு வாரம் கழித்து: 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டத்தைச் சுட்டிக்காட்டுங்கள். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் தேதி எழுதியிருந்தால் அதன்படி, அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தேதி எழுதாவிட்டால் 15 நாட்கள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு விகிதத்தில், மாதாந்தரக் கூட்டு வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வரை, வாங்குபவர் தன் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. இதைச் சொல்லும் கடிதத்தின் நகல் ஒன்றை அவருடைய ஆடிட்டருக்கும் அனுப்பினால் பல பாக்கிகள் அங்கேயே தீரும்.
3. வழக்கறிஞர் நோட்டீஸ். காசோலை திரும்பியிருந்தால் கெடு கண்டிப்பானது: வங்கி தகவல் தந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார்.
4. வசதியாக்கல் குழுமம். சிறுதொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்க மாநில அரசு அமைத்தது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) மத்திய அமைச்சகத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு.
5. சிவில் வழக்கு. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று: நேரலையில் இருக்கும் தளத்தை முடக்குவது, பாஸ்வேர்டை மாற்றுவது, முகப்பில் 'பணம் தரவில்லை' என்று எழுதுவது. அனுமதியில்லாமல் பிறர் கணினி அமைப்பில் நுழைவதும் சேதப்படுத்துவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். பாக்கி கேட்டுப் போனவர் குற்றவாளியாகத் திரும்புவது இப்படித்தான். நேரலைக்கு முன் கடைசித் தவணை என்று 6-ஆம் பகுதியில் எழுதியது இதற்காகவே.

12. முதல் மாதச் சரிபார்ப்புப் பட்டியல்

- முதல் வாரம்: பான், ஆதார் பெயர் சரிபார்ப்பு, தொழில் பெயர் தேடல், உத்யம் பதிவு.
- இரண்டாம் வாரம்: தனி வங்கிக் கணக்கு, சொந்த டொமைனும் அதே பெயரில் மின்னஞ்சலும்.
- மூன்றாம் வாரம்: கொட்டேஷன், ஒப்பந்தம், பில் ஆகிய மூன்று மாதிரித் தாள்கள். ஒப்பந்த மாதிரியை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள்.
- நான்காம் வாரம்: ஆடிட்டருடன் ஒரு மணி நேரம், ஒரு நாள் விலைக் கணக்கு, வரவு செலவுத் தாள்.

மூன்று மாதிரித் தாள்களும் தயாராகும் முன் வேலை வந்தால், தெரிந்தவர் அனுப்பியது, சொந்தக்காரர் கேட்டது என்று உடனே தொடங்கிவிடாதீர்கள். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கொட்டேஷன் அனுப்பி, சம்மதம் எழுத்தில் வந்து, அட்வான்ஸ் கணக்கில் ஏறியபின் லேப்டாப்பைத் திறங்கள்.